வாக்கீகன் முதல் ஃபாண்டுலாக் வரை: பழைய படகு மோட்டார்களின் ஆயிலும் ஹாரனும்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே, இல்லினாய் மாநிலத்து வாக்கீகனில் தொடங்கி மில்வாக்கி, சீடர்பர்க் வழியாக வடக்கே சென்று, வின்னபேகோ ஏரியின் தென்முனையில் இருக்கும் ஃபாண்டுலாக்கில் முடியும் பாதை 200 கிலோமீட்டருக்கும் குறைவு. படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் அந்நாட்டு வரலாறு பெரும்பாலும் இந்தப் பாதையை விட்டு விலகாமல் நடந்திருக்கிறது. எவின்ரூட், மெர்குரி என்னும் மோட்டார் நிறுவனங்கள் பிறந்தது இங்கே. ஜான்சன் வளர்ந்தது இங்கே. பழைய மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வட்டாரமும் இதுதான். ஏரி நன்னீர் என்பதால் உப்பு அரிக்கும் பேச்சே இல்லை. ஆண்டில் பாதி நாள் குளிர். படகு கொட்டகையில் கிடக்கும். மோட்டார் ஓடும் மணிநேரமும் குறைவு. 1980களில் வாங்கிய 90, 115, 150 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்து இன்னும் வேலை செய்கின்றன. உலோகம் தாங்கிய அளவுக்கு ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும் தாங்குவதில்லை. ஆயில் இன்ஜெக்‌ஷனும் எச்சரிக்கை சென்சார்களும் பெரும்பாலும் இந்த மூன்றால் ஆனவை.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் கிரேங்க் கேஸில் ஆயில் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிரேங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. அதோடு சேர்ந்து வரும் கொஞ்சம் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து போகிறது. பழைய வழக்கம் 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயிலை டேங்கிலேயே கலந்துவிடுவது. முழு வேகத்துக்கு அந்த அளவு வேண்டும். தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாக நகரும்போது வேண்டாம். மிஞ்சும் ஆயில் புகையாக வெளியேறும், ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும். தனி டேங்கில் ஆயிலை வைத்து, இன்ஜினின் தேவைக்கேற்ப பம்ப் அளந்து கொடுக்கும் முறையை யமஹா 1964-ல் ஆட்டோலூப் என்ற பெயரில் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு அந்த 2டி ஆயில் டேங்க் நன்றாகவே நினைவிருக்கும். படகு மோட்டார்களில் இது பரவலானது 1980களில். பைக்கில் பிஸ்டன் சீஸ் ஆனால் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். கரை தெரியாத ஏரியில் அது முடியாது. அதனால் படகில் பம்ப்போடு கூடவே எச்சரிக்கை ஹாரனும் வந்தது.

சிகாகோவிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர் போனால் வாக்கீகன். ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் தன்னுள் வைத்திருந்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷனின் தலைமையிடம் இந்த ஊர்தான். சுருக்கமாக ஓஎம்சி. துறைமுகத்தை ஒட்டி நின்ற ஆலை இன்று இல்லை. அங்கே டை-காஸ்டிங் இயந்திரங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் எண்ணெயிலிருந்த பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் துறைமுகச் சேற்றில் கலந்து, இந்த இடம் அமெரிக்க அரசின் சூப்பர்ஃபண்டு சுத்திகரிப்புப் பட்டியலில் ஏறியது. ஒரு சொட்டு ஆயிலைக்கூட அளந்து கொடுக்கும் பம்ப்பை விற்ற நிறுவனத்தின் ஆலைக்கு இப்படி ஒரு வரலாறு.

அந்தப் பம்ப் 1984 மாடல் மோட்டார்களில் வந்த விஆர்ஓ. பெட்ரோல் பம்ப்பும் ஆயில் பம்ப்பும் ஒரே உடலில் இணைந்தது. மின்சாரமும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிரேங்க் கேஸில் மாறிமாறி எழும் அழுத்தமே ஒரு டயாஃப்ரத்தை அசைக்கிறது; அது பெட்ரோலையும் ஆயிலையும் சேர்த்து இழுத்துத் தள்ளுகிறது. ஐடிலில் சுமார் 150-க்கு 1, முழு வேகத்தில் 50-க்கு 1 என விகிதம் மாறும். பின்னாளில் எல்லா வேகத்துக்கும் 50-க்கு 1 என்றே நிலைப்படுத்தினார்கள். ஆயில், படகுக்குள் தனியாக வைத்த 1.8 கேலன், அதாவது 7 லிட்டருக்குச் சற்றுக் குறைவான டேங்கிலிருந்து ஒரு நீண்ட ஹோஸ் வழியே வருகிறது.

முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் விஆர்ஓ கெட்ட பெயர் வாங்கியது. அதில் நியாயமும் உண்டு. இன்ஜின் பேக்-ஃபயர் ஆனால் அந்த அதிர்ச்சி நேராக டயாஃப்ரத்தைத் தாக்கும். அதைத் தடுக்கும் லிமிட்டர் பிறகுதான் சேர்ந்தது. ஆயில் வரவில்லை என்று சொல்லும் சென்சாரும் பிந்தைய பம்ப்புகளுக்கு உரியது. பம்ப்பிலிருந்து வயர் எதுவும் வரவில்லை என்றால், ஆயில் நின்றுபோனதை அந்தப் பம்ப் சொல்லப் போவதில்லை. டேங்கின் மட்டத்தை மட்டுமே நம்ப வேண்டும். அப்படிப்பட்ட பம்ப்பை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஆனால் இன்று விஆர்ஓவின் தலையில் விழும் பழியில் பெரும்பகுதி பம்ப்பைச் சேர்ந்ததல்ல. அதற்கு முன்னால் இருக்கும் ஹோஸையும் கிளாம்ப்பையும் டேங்கையும் சேர்ந்தது.

ஆயில் கெட்டியான பொருள். அதை இழுக்கும் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளியே ஆயில் கசியாது. உள்ளே காற்று புகும். ஹோஸ் காய்ந்தபடி இருக்க, பம்ப் காற்றையும் ஆயிலையும் மாற்றி மாற்றி விழுங்கும். இந்தச் சிறு ஹோஸ்களுக்குத் தயாரிப்பாளர் போட்டது காதுபோல் புடைத்து, இடுக்கியால் நெரித்து இறுக்கும் வகைக் கிளாம்ப். அது சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். அதைக் கழற்றியவர்கள் ஸ்குரூ கிளாம்ப்போ பிளாஸ்டிக் டையோ போட்டிருப்பார்கள். பல பழைய மோட்டார்களில் கோளாறு அந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்தது டேங்கின் அடி. பருவம் மாறும்போது உள்ளே வியர்க்கும் நீர் ஆயிலுக்குக் கீழே போய்த் தங்கும். ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியும் அங்கேதான் இருக்கிறது. பல வருடம் திறக்காத டேங்கில் அந்த வலை கூழ் பிடித்து அடைத்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவுவது அரை நாள் வேலை. பம்ப்பை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

வாக்கீகனிலிருந்து ஷெரிடன் சாலை கெனோஷா, ரசீன் என்று ஏரியை வலப்புறம் வைத்துக்கொண்டே போகிறது. ரசீனுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஸ்டர்டெவன்ட். ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலான பிறகு மோட்டார் தொழிலை வாங்கிய கனடாவின் பாம்பார்டியர், எவின்ரூட்டை இந்தச் சிற்றூரில்தான் தயாரித்தது. 2020 மே மாதம் அதுவும் நின்றது. இனி இந்தப் பெயர்களில் புது மோட்டார் கிடையாது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவது ஒன்றே வழி. அதற்கு முதலில் ஹாரன் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

1996-க்கு முந்தைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே ஹாரன்; ஒலிக்கும் விதம் மட்டும் வேறு. 20 அல்லது 40 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு ஒலி என்றால் ஆயில் டேங்க் கால் பங்குக்கு இறங்கிவிட்டது. பதறத் தேவையில்லை, ஊற்றினால் போதும். விநாடி விட்டு விநாடி ஒலித்தால் பம்ப்புக்கு ஆயில் வரவில்லை. இன்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். விடாமல் ஒலித்தால் இரண்டில் ஒன்று: இன்ஜின் சூடேறியிருக்கிறது, அல்லது பெட்ரோல் வரும் வழி அடைத்து, பம்ப் வெற்றிடத்தை இழுக்கிறது. இவற்றைப் பிரித்தறிய உடனே திராட்டிலைக் குறைக்க வேண்டும். பெட்ரோல் தடை என்றால் தேவை குறைந்த கணமே ஹாரன் நின்றுவிடும். சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது; ஒலி நீடிக்கும். பெட்ரோல் தடைக்குப் பெரும்பாலும் டேங்கின் காற்றுத் துளை மூடியிருப்பது, வடிகட்டி அடைப்பு, டேங்க் வாயிலுள்ள ஆன்டி-சைஃபன் வால்வு சிக்குவது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

1996-ல் வந்த சிஸ்டம்செக் மீட்டரில் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஆயில் குறைவு, ஆயில் இல்லை, சூடு, இன்ஜினைப் பார் என்று நான்கு விளக்குகள். சாவியைத் திருப்பியதும் ஹாரன் ஒரு கணம் ஒலித்து, நான்கும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியாவிட்டால் அந்த வழித்தடம் செத்துக்கிடக்கிறது என்று பொருள். கோளாறு நேர்ந்தால் ஹாரன் 10 விநாடி மட்டும் ஒலிக்கும், விளக்கு நீடிக்கும். இன்ஜின் சூடேறினால் வேகத்தைச் சுமார் 2500 ஆர்பிஎம்முக்குள் கட்டிப்போடும் ஏற்பாடும் பல மாடல்களில் உண்டு. மோட்டார் திடீரென்று சோர்ந்துவிட்டது என்று கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் முதலில் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மில்வாக்கியில் ஏரிக்கு அருகே கினிகினிக் என்ற ஆறு ஓடுகிறது. நார்வேயிலிருந்து வந்த ஓலே எவின்ரூட் 1909-ல் தன் மோட்டாரைச் சோதித்தது இந்த ஆற்றில். ஒரு சிலிண்டர், ஒன்றரை குதிரைத்திறன், 28 கிலோ எடை. ஒகாச்சி ஏரியில் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அதனால்தான் மோட்டார் பிறந்தது என்று ஊரில் சொல்லும் கதை அழகானது. ஆனால் கடைக்கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாவற்றையும் ஏற்று நடத்திய மனைவி பெஸ் இல்லாமல் அந்த மோட்டார் ஊரைத் தாண்டியிருக்காது என்பதுதான் கதையைவிட முக்கியம்.

நகரின் மெக்கின்லி மரீனாவில் ஏப்ரல், மே மாதங்களில் படகுகள் கொட்டகையிலிருந்து நீருக்கு இறங்குகின்றன. சென்சார்களைச் சோதிக்க ஏற்ற காலம் இதுவே. படகு டிரெய்லரில் இருக்கும்போதே முடித்துவிடலாம். சிலிண்டர் ஹெட்டில் செருகியிருக்கும் வெப்ப ஸ்விட்ச்சிலிருந்து ஒரு வெளிர்பழுப்பு வயர் வரும். வி4, வி6 மோட்டார்களில் பக்கத்துக்கு ஒன்று. சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை ஓட்டாமல், அந்த வயரைக் கழற்றி இன்ஜின் உடலில் தொட்டு எர்த் செய்தால் பழைய மோட்டாரில் ஹாரன் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் ஹாரனும் வயரும் நலம். மிச்சம் ஸ்விட்ச் மட்டும். ஒலிக்காவிட்டால் ஸ்விட்ச்சைக் குறைசொல்லிப் பயனில்லை. ஹாரனுக்கு மின்சாரம் வருகிறதா, இடையில் உள்ள பிளக்கில் பூஞ்சைபோல் பச்சைத் துரு ஏறியிருக்கிறதா, கொட்டகையில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச்சைச் சோதிப்பதும் எளிது. குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் அது இணைப்புக் காட்டக் கூடாது. எண்ணெயில் தொங்கவிட்டு வெப்பமானியோடு சூடேற்றினால், கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் இணைப்புக் காட்ட வேண்டும்.

எதிர்மாறான தொல்லையும் உண்டு. சாவியைத் திருப்பியதுமே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, ஹாரன் விடாமல் கத்தும். ஹெட் ஸ்விட்ச், பெட்ரோல் தடையை உணரும் வெற்றிட ஸ்விட்ச், ஆயில் டேங்க், பம்ப் என்று வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது ஒலி நிற்கிறதோ அந்த ஸ்விட்ச் பழுது. எல்லாம் கழன்ற பிறகும் ஒலித்தால், வயர் எங்கோ உரசி உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதில் சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். எரிச்சலில் ஹாரனையே பிடுங்கி எறிந்த படகுகளும் இந்தக் கரையில் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு அடுத்து மாற்ற வேண்டியிருந்தது பிஸ்டன்.

பம்ப் உண்மையிலேயே ஆயில் கொடுக்கிறதா என்பதற்கு, இன்ஜினைப் பணயம் வைக்காத ஒரு சோதனை இருக்கிறது. 25 லிட்டர் பெட்ரோலில் அரை லிட்டர் ஆயிலைக் கலந்துவிட்டு, பம்ப்பையும் வழக்கம்போல் இணைத்து ஓட்ட வேண்டும். ஆயில் டேங்கின் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். பம்ப் செத்திருந்தாலும் கலந்த ஆயில் காப்பாற்றும். வேலை செய்தால் கொஞ்சம் அதிகம் புகையும், அவ்வளவுதான். விகிதம் மாறும் பம்ப்பில், அந்த 25 லிட்டர் தீரும்போது டேங்கில் சுமார் 170 மில்லிலிட்டருக்கும் அரை லிட்டருக்கும் இடையே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், பம்ப்புக்கு முன்னால் உள்ள ஹோஸைக் கழற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பார்க்கலாம். ஆயில் விட்டுவிட்டு முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும். குமிழிகள் வந்தால் காற்று புகும் இடத்தைத் தேட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்து ரப்பர் அதில் ஊறி உதிரும். துகள்கள் பம்ப்பின் வால்வுகளில் போய்ச் சிக்கும். மோட்டாரின் வயதே ஹோஸின் வயதும் என்றால் சோதனை எதுவும் தேவையில்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

மில்வாக்கிக்கு வடக்கே 30 கிலோமீட்டரில் சீடர்பர்க். ஓடைக்கரையில் கல்லால் கட்டிய பழைய ஆலைகள் நிறைந்த சிறிய ஊர். கார்ல் கீக்ஹாஃபர் 1939-ல் இங்கே நொடித்துப்போன ஒரு மோட்டார் தொழிற்சாலையை வாங்கினார். அவர் செய்ய நினைத்தது வேறு தொழில். ஆலைக்குள் கிடந்ததோ, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய பழுதான படகு மோட்டார்கள் சில நூறு. அவற்றைச் சரிசெய்து விற்றதில் மெர்குரி பிறந்தது. ஒரு பெருநிறுவனம் பழுதுபார்ப்பில் தொடங்கியிருக்கிறது. அந்த வேலையை இழிவாக நினைப்பவர்கள் இந்த ஊரை ஒருமுறை பார்க்கலாம். இங்கிருந்து மேற்கே திரும்பி நெடுஞ்சாலை 41-ஐப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபாண்டுலாக். மெர்குரியின் தலைமையிடம் இன்றும் அங்கேதான்.

மெர்குரியின் வழி ஓஎம்சியின் வழியிலிருந்து முற்றிலும் வேறு. இங்கே ஆயில் பம்ப்பை கிரேங்க் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சுற்றுகிறது. திராட்டிலோடு இணைந்த ஒரு கம்பி அளவைக் கூட்டிக் குறைக்கிறது. வி6 மோட்டார்களில் ஆயில் டேங்க் இரண்டு. பெரியது படகில், சிறியது மோட்டாரின் மூடிக்குள். கிரேங்க் கேஸின் அழுத்தம் ஒரு ஹோஸ் வழியாகப் பெரிய டேங்குக்குப் போய், ஆயிலைச் சிறிய டேங்குக்குத் தள்ளிவிடுகிறது. ஹாரன் விட்டுவிட்டு ஒலித்தால் ஆயில், விடாமல் ஒலித்தால் சூடு. பெரிய டேங்க் நிறைந்திருக்கும்போதே ஆயில் எச்சரிக்கை வந்தால் பலர் சென்சாரைச் சந்தேகிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது டேங்கின் மூடி. அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, ஆயில் மேலே ஏறாது, சிறிய டேங்க் மெல்லக் காலியாகும். அழுத்த ஹோஸிலுள்ள ஒருவழி வால்வு அடைத்தாலும், ஹோஸ் இருக்கைக்கு அடியில் நசுங்கினாலும் இதே விளைவு.

சிறிய டேங்கும் நிறைந்திருக்கிறது, ஆனாலும் ஹாரன் விட்டுவிட்டு ஒலிக்கிறது என்றால், அந்த டேங்கின் மூடியிலிருந்து வரும் இரண்டு வெளிர்நீல வயர்களையும் கழற்றிவிட்டு இன்ஜினை இயக்க வேண்டும். ஒலி நின்றால் மூடியிலுள்ள மிதவை ஸ்விட்ச்தான் பழுது; மலிவான விஷயம். நிற்காவிட்டால், பம்ப்பின் தண்டு சுழல்கிறதா என்று கவனிக்கும் சென்சாரோ, அதன் எச்சரிக்கைப் பெட்டியோ, அல்லது நிஜமாகவே சுழலாத தண்டோ காரணம். கடைசியாகச் சொன்னதை முதலில் நம்ப வேண்டும். பிளாஸ்டிக்கால் ஆன அந்த ஓட்டும் பல்சக்கரம் தேய்ந்து பல் உதிர்ந்த மோட்டார்கள் ஏராளம். தண்டு சுழல்வது உறுதியாகும் வரை டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோல் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ஹோஸைக் கழற்றி மாட்டிய பிறகு பம்ப்பின் ஸ்குரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும்வரையும் இந்த விதி பொருந்தும்.

ஃபாண்டுலாக்கின் படகுத்துறையிலிருந்து தொடங்கும் வின்னபேகோ 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. ஆழமோ அதிகபட்சம் 21 அடி. கோடையில் பச்சைப்பாசி பொங்கும். சூடு எச்சரிக்கை இங்கே பெரும்பாலும் உண்மை. பாசியும் களையும் நீர் உறிஞ்சும் துளைகளை மூடிவிடும். இன்ஜினின் பின்புறம் பீய்ச்சும் நீர் மெலிந்தால் நிறுத்தி, மோட்டாரைத் தூக்கித் துளைகளைத் துடைத்தால் பல சமயம் தீர்ந்துவிடும். தீராவிட்டால் நீர் பம்ப்பின் இம்பெல்லர், அடுத்தது தெர்மோஸ்டாட். தண்ணீரில் நாள்கணக்கில் நிற்கும் படகென்றால் வரிக்குதிரைச் சிப்பிகள் துளைக்குள் குடியேறியிருக்கவும் கூடும்.

இந்தப் படகுத்துறையில் யமஹாவும் நிறைய. அதிலும் இரண்டு ஆயில் டேங்க். ஆனால் பெரியதிலிருந்து சிறியதற்கு ஆயிலை அனுப்புவது சிறு மின் பம்ப். மீட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். மஞ்சள் என்றால் படகிலுள்ள டேங்க் குறைகிறது. சிவப்பு என்றால் இன்ஜின் டேங்கே குறைந்துவிட்டது. வேகமும் தானாக இறங்கும். டேங்கில் ஆயில் இருந்தும் சிவப்பு வந்தால் மிதவையில் அழுக்கு, பம்ப்பின் எர்த் வயரில் துரு என்ற வரிசையில் தேடலாம். மூடிக்குள் உள்ள அவசர ஸ்விட்ச்சை அழுத்தினால் மின் பம்ப் ஓடும் ஒலி கேட்க வேண்டும். கேட்டால் மோட்டார் நலம், கட்டளைதான் வரவில்லை.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பழைய மோட்டாராக இருந்தாலும் டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட ஆயில்தான். பைக்குக்கான 2டி ஆயில் சாம்பல் விடும். நீரால் குளிரும் இன்ஜினுக்கு அது ஆகாது.

விஆர்ஓவைக் கழற்றிவிட்டுக் கையால் கலப்பதா, வைத்துக்கொள்வதா என்ற வாதம் இந்தக் கரையில் ஓயாது. வயர் உள்ள பம்ப், புது ஹோஸ், சரியான கிளாம்ப், கழுவிய டேங்க் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வயர் இல்லாத பழைய பம்ப் என்றால் ஆயில் வழியை அடைத்துவிட்டு 50-க்கு 1 கலப்பதே மேல். அப்போதும் வெப்ப ஸ்விட்ச் வயர்களைத் தொடக் கூடாது. பெட்ரோல் டேங்கின் மூடியில் கலவை விகிதத்தை எழுதி ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்து ஊற்றுகிறவருக்கு அது தெரியாது. பழைய மோட்டாரை வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் சாவியைத் திருப்பி ஹாரனைச் சோதிக்க வேண்டும். அது ஒலிக்கவில்லை என்றால், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.